அப்பா எங்கே என்றொரு பெயர்

ஜனவரி 12

அன்புள்ள ஒட்டடைக்குச்சிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே இருவரும் சுகம். அம்மாவின் முழங்கால் எப்படி இருக்கிறது? நீ ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா, இல்லை இன்னும் காற்றைக் குடித்தே காலம் தள்ளுகிறாயா?

விஷயத்துக்கு வருகிறேன். உட்கார்ந்துகொண்டு படி. எனக்கு இது நான்காவது மாதம். ஒன்பது வருடத்தில் மூன்று முறை சூடுபட்டவள் என்பதால் இதுவரை உங்களிடம் மூச்சுவிடவில்லை. இந்த முறை எல்லாம் நன்றாக இருக்கிறது என்று டாக்டரம்மா சொல்கிறாள். சொல்லும்போது என் முகத்தை நேராகப் பார்த்தே சொன்னாள். அதனால் நம்பினேன்.

பட்டறையில் எனக்கு உட்கார்ந்த வேலையாகவே கொடுக்கிறார்கள். பல் செட்டுக்கு மெழுகில் ஈறு இழைப்பது, நிற அட்டையை வைத்துப் பல்லுக்கு நிறம் பார்ப்பது. தேய்க்கிற சக்கரத்துப் பக்கமே போகக் கூடாது, தூசி ஆகாது என்று முதலாளியம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். நேற்று ஒரு கிழவர் தன் பழைய பல்லைவிட வெள்ளையாக வேண்டும் என்று அடம்பிடித்தார். "இந்த வயசுல இவ்வளவு வெள்ளையா இருந்தா யாரும் நம்பமாட்டாங்க தாத்தா" என்றேன். "நம்ப வேணாம், பொறாமைப்பட்டா போதும்" என்றார்.

உன்னால் ஒரு காரியம் ஆக வேண்டும். நீதான் எபிரேயப் பெயர்களுக்கு அகராதி போடுகிறவன் ஆயிற்றே. அந்தப் பழைய வம்ச அட்டவணைகளில் மூழ்கி ஒரு நல்ல பெயராக எடுத்துக் கொடு. 'அப்பா' என்ற சொல் வருகிற பெயராக இருந்தால் விசேஷம். காரணம், உன் அத்தான். சந்தோஷமா என்று கேட்டால் 'உம்' என்கிறார். லிஃப்ட் குழிக்குள் அறுபதடி ஆழத்தில் கயிற்றில் தொங்குகிற மனுஷன், வீட்டில் வாயைத் திறக்கப் பயப்படுகிறார். பெயரைக் கேட்டாலாவது திறப்பார்.

அத்தான் உன்னையும் அம்மாவையும் விசாரித்ததாக எழுதச் சொன்னார்.

உன் அக்கா


ஜனவரி 20

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை அம்மாவுக்கு உரக்கப் படித்தேன். நான்காவது மாதம் என்று வந்ததும் "இன்னொரு தடவை படி" என்றாள். படித்தேன். "இன்னும் ஒரு தடவை" என்றாள். அப்புறம் முழங்காலைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை. எழுந்துபோய் எல்லா ஜன்னலையும் திறந்துவிட்டாள். நானும் நலம். ஒரு கிலோ ஏறியிருக்கிறேன், தராசு பொய் சொல்லவில்லை என்றால்.

பெயர்கள் விஷயத்தில் நீ சரியான ஆளைப் பிடித்திருக்கிறாய். எங்கள் அலுவலகம் இரண்டே அறை. கீழே சைக்கிள் கடை, மேலே நானும் பேராசிரியையும் ஆயிரக்கணக்கான பழைய மனிதர்களும். அவருக்கு நான் வைத்திருக்கும் பெயர் பச்சைப் பென்சில். நான் எழுதுவதையெல்லாம் ஒரு பச்சைப் பென்சிலால் வெட்டித் தள்ளுவார்.

'அப்' என்றால் தகப்பன். நம் 'அப்பா' மாதிரியே இருக்கிறது என்று உறவு கொண்டாடிவிடாதே, உலகத்தில் குழந்தைகள் உளறுவதெல்லாம் ஒரே மாதிரிதான் என்று பச்சைப் பென்சில் அதட்டுவார். அபியா: இறைவனே என் தகப்பன். அபிகாயில்: தகப்பனின் மகிழ்ச்சி என்று பொதுவாகச் சொல்வார்கள். அபித்தாள்: என் தகப்பன் பனித்துளி. பெண் பிறந்தால் கடைசிப் பெயரைப் பார். லிஃப்ட் கிரீஸ் பூசிய அத்தானைப் பனித்துளி என்று யாராவது அழைத்திருப்பார்களா?

வேண்டாத பெயர்களும் உண்டு. தெபொராள் என்றால் தேனீ. பரவாயில்லை. சூவால் என்றால் நரி. பாரோஷ் என்று ஒரு பெரிய குடும்பத் தலைவர், அவர் பெயருக்குத் தெள்ளுப்பூச்சி என்று பொருள்! அவரைப் பெற்றவர்களுக்கு அன்று என்ன கடித்ததோ.

அத்தானிடம் மூன்று பெயரையும் சொல். எதற்கு வாய் திறந்தார் என்று எழுது.

அன்புடன்
தம்பி


மார்ச் 2

அன்புள்ள தம்பிக்கு,

சுகம். அம்மாவும் நீயும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. வேலை அதிகம்.

மேலே இருக்கும் விலாசத்தைக் கவனி. வீடு மாற்றிவிட்டேன். மூன்று மாடி ஏறுவது சிரமமாக இருந்தது. இது பட்டறைக்குப் பின்தெருவில் தரைத்தளத்து ஒற்றை அறை. ஜன்னலுக்கு வெளியே ஒரு தையல்காரரின் விளம்பரப் பலகை, அதில் கோட்டுப் போட்ட தலையில்லாத மனிதன். காலையில் எழுந்ததும் அவன் முகத்தில்தான் விழிக்கிறேன். முகம் இல்லாததால் நல்ல சகுனமா கெட்ட சகுனமா என்று தெரியவில்லை.

பெயர்கள் கிடைத்தன. அழகாக இருக்கின்றன. ஆனால் அப்பா என்ற சொல் வராத பெயர்களாகவும் கொஞ்சம் பார்த்து எழுது. அந்தக் காலத்தில் பிள்ளைக்குப் பெயர் வைத்தது யார், தகப்பனா தாயா? தெரிந்துகொள்ளலாமே என்றுதான் கேட்கிறேன்.

குழந்தை உதைக்கிறது. நன்றாகவே உதைக்கிறது.

அக்கா


மார்ச் 9

அன்புள்ள அக்காவுக்கு,

உதைக்கிறது என்று படித்ததும் அம்மா என் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள், சந்தோஷத்தில். எனக்குத்தான் விழ வேண்டுமா?

உன் கேள்வி நல்ல கேள்வி. அந்தக் கதைகளில் பெரும்பாலும் தாய்தான் பெயர் வைக்கிறாள். அந்த நேரத்தில் மனத்தில் என்ன இருந்ததோ அதையே வைத்துவிடுகிறாள். யாபேஸ் என்றொருவர், வேதனையோடு பெற்றேன் என்று அவர் தாய் வைத்த பெயர் அது. ஆயுசு முழுக்க 'வேதனை, இங்கே வா' என்று கூப்பிட்டால் அந்தப் பிள்ளை உருப்படுமா? உருப்பட்டார், சகோதரர்களைவிட மேன்மையாகவே இருந்தார் என்று அட்டவணை சொல்கிறது.

இந்த வாரம் நான் எழுதிக்கொண்டிருக்கும் பெயர் அதைவிட விநோதம். யோபு. மிகப் பழைய வடிவத்தில் அதற்கு 'அப்பா எங்கே?' என்று பொருள் என்பது அறிஞர்கள் பலரின் கருத்து. பெயரே ஒரு கேள்வி! பள்ளிக்கூடத்தில் வாத்தியார் வருகை எடுப்பதை நினைத்துப் பார்: "அப்பா எங்கே?" "உள்ளேன் ஐயா!" நான் சிரித்த சிரிப்பில் கீழே சைக்கிள் கடைக்காரர் ஸ்பானரைத் தவறவிட்டார்.

பிரசவத்துக்கு அம்மா அங்கே வருவதாகச் சொல்கிறாள். ஒற்றை அறையில் நீங்கள் இருவரும் அம்மாவும் எப்படி என்று யோசித்து எழுது. அத்தானுக்குத் தரைத்தளம் பிடித்திருக்கிறதா? லிஃப்டே இல்லாத வீட்டில் அவருக்குத் தூக்கம் வருமா?

அன்புடன்
தம்பி


ஏப்ரல் 15

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் நலம். உன்னிடமிருந்து ஒரு மாதத்துக்கு மேலாக ஒரு வரிகூட இல்லை. அம்மா தினமும் தபால்காரரை வாசலிலேயே மடக்கி விசாரிக்கிறாள். அவர் இப்போது எதிர்ப்பக்கமாக நடக்கிறார்.

உடம்பு எப்படி? ஒரே ஒரு வரி எழுது, போதும்.

தம்பி


ஏப்ரல் 28

அன்புள்ள அக்காவுக்கு,

உன் உடம்பு தேறியிருக்கும் என்று நம்புகிறேன்.

பொறுக்க முடியாமல் போன வாரம் உன் பட்டறைக்குத் தொலைபேசியில் பேசினேன். முதலாளியம்மா எடுத்தாள். நீ வேலைக்கு வருகிறாய், நன்றாக இருக்கிறாய் என்றாள். உன்னைக் கூப்பிடச் சொன்னேன். போனாள், திரும்பி வந்தாள். "இப்ப பேச முடியலையாம் தம்பி" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "வீட்டுக்காரர் விட்டுட்டுப் போனதுலேருந்து அவங்க யாருகிட்டயும் அதிகமா பேசறதில்ல" என்றாள். எனக்குத் தெரியும் என்று நினைத்தே சொன்னாள், பாவம். அவளைக் கோபித்துக்கொள்ளாதே.

போனை வைத்த பிறகுதான் என் மார்ச் மாதக் கடிதம் நினைவுக்கு வந்தது. எந்தப் பெயரை வைத்து நான் சிரித்தேனோ அது. அக்கா, அந்தக் கடிதத்தை நீ எங்கே உட்கார்ந்து படித்திருப்பாய் என்பதை நினைக்காமல் இருக்கப் பார்க்கிறேன், முடியவில்லை.

பச்சைப் பென்சிலிடம் போய், அந்த மாதிரிப் பெயரை யார் வைத்திருப்பார்கள் என்று கேட்டேன். ஏன் கேட்கிறாய் என்று அவர் கேட்கவில்லை. "சிரிக்கறதுக்காக வெச்ச பேரா தெரியுதா உனக்கு? தகப்பன் இல்லாத நேரத்துல பொறந்த குழந்தையா இருக்கும். அந்த வீட்டுல எல்லாரும் மனசுக்குள்ள கேட்டுக்கிட்டிருந்ததை ஒருத்தி வாய்விட்டுக் கேட்டிருக்கா. அவ்வளவுதான்" என்றார். அப்புறம் செருயா என்ற பெயர் இருந்த தாளை என் முன்னால் தள்ளினார். செருயா ஒரு பெண். அவளுக்கு மூன்று மகன்கள், மூவரும் பெரிய வீரர்கள். வரும் இடத்திலெல்லாம் செருயாவின் மகன்கள் என்றுதான் வருகிறார்கள். தகப்பன் பெயரை எந்த அட்டவணையும் சொல்லவில்லை. யாரும் அதை ஒரு குறையாகவும் எழுதவில்லை.

நீ சொல்ல விரும்பாததை நான் கேட்கமாட்டேன். தண்ணீர்க் குடத்தை யார் தூக்குகிறார்கள் என்று மட்டும் எழுது.

தம்பி


மே 6

அன்புள்ள தம்பிக்கு,

தண்ணீரை முதலாளியம்மாவின் மகள் தூக்கிக் கொடுக்கிறாள். கால் கொஞ்சம் வீங்கியிருக்கிறது. மற்றபடி நன்றாக இருக்கிறேன், டாக்டரம்மா இன்னும் நேராகப் பார்த்தே பேசுகிறாள்.

உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. அந்தக் கடிதத்தைப் படித்தபோது முதலில் சிரிப்புதான் வந்தது, அதுதான் கொடுமை. வருகை எடுக்கிற வாத்தியார் வரைக்கும் சிரித்துவிட்டேன். அதற்கப்புறம்தான் பேனா எடுக்க முடியாமல் போயிற்று.

பிப்ரவரி முதல் வாரம். ஆஸ்பத்திரிக்குச் சேர்ந்துதான் போனோம். "நான் வெளிய உக்காந்திருக்கேன், நீ போயிட்டு வா" என்றார். நான் வெளியே வந்தபோது நாற்காலி காலியாக இருந்தது. டீ குடிக்கப் போயிருப்பார் என்று அதே நாற்காலியில் உட்கார்ந்து காத்திருந்தேன். வராண்டாவைக் கழுவுகிறவள் வந்து காலைத் தூக்கச் சொன்ன பிறகு எழுந்து வீட்டுக்கு வந்தேன். அவருடைய கருவிப் பையும் இரண்டு சட்டையும் இல்லை. பத்து நாள் கழித்து ஒரு கார்டு வந்தது. மறுபடியும் அந்த வராண்டாவில் என்னால் நிற்க முடியாது, என்னை விட்டுவிடு என்று எழுதியிருந்தார். ஊர்ப் பெயர் இல்லை.

அவர் கெட்டவர் என்று எழுத முடிந்தால் எனக்குச் சுலபமாக இருக்கும். உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். மூன்றாவது முறை ஆறாம் மாதத்தில் போயிற்றே, ஆண் குழந்தை, அன்று நான் மயக்கத்தில் கிடந்தேன். துணியில் சுற்றிக் கொடுத்ததைக் கையில் வாங்கிக்கொண்டு போனவர் அவர்தான். எங்கே போனார், என்ன செய்தார் என்று இன்றுவரை என்னிடம் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை. கேட்டிருக்க வேண்டுமோ என்று இப்போது தோன்றுகிறது. அவரைத் தேற்ற யாருமே வரவில்லை. வந்தவர்கள் எல்லோரும் என் கட்டிலைச் சுற்றித்தான் உட்கார்ந்தார்கள்.

ஆனாலும் போகலாமா? பயந்தால் என்னிடம் சொல்லிவிட்டுப் பயப்படக் கூடாதா? எனக்கு மட்டும் பயமில்லையா?

அம்மாவிடம் சொல்லாதே. அவள் தாங்கமாட்டாள்.

அக்கா


மே 14

அன்புள்ள அக்காவுக்கு,

கால் வீக்கத்துக்குக் கட்டிலில் தலையணை வைத்து உயரமாகப் போட்டுக்கொள்.

அம்மாவிடம் நான் சொல்லவில்லை. உன் கடிதத்தில் பாதியை விழுங்கி, நானே இட்டுக்கட்டிய இரண்டு வரி சேர்த்துப் படித்தேன். 'அத்தான் விசாரித்தார்' என்றும் ஒன்றைச் செருகினேன். அம்மா கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "இப்ப நீ படிச்சது அவ எழுதினது இல்ல" என்றாள்.

"ஏம்மா?"

"மார்ச் மாசக் கடுதாசியிலேயே மாப்பிள்ளை விசாரிச்சதா ஒரு வார்த்தை இல்ல. கல்யாணமானதுலேருந்து அந்த வரி இல்லாம அவ எழுதினதே கிடையாது. அவளா சொல்லட்டும்னு இருந்தேன். இன்னிக்கு மட்டும் அது எங்கேருந்து வந்துச்சு?"

தாங்கமாட்டாள் என்று நாம் நினைத்த அம்மா இரண்டு மாதமாகத் தாங்கிக்கொண்டிருந்திருக்கிறாள், அதுவும் நமக்காக. இப்போது பெட்டி கட்டி வாசலில் வைத்துவிட்டாள். சனிக்கிழமை வண்டியில் கொண்டுவந்து விடுகிறேன். வேண்டாம் என்று எழுதினால் அந்தக் கடிதம் வருவதற்குள் நாங்கள் கிளம்பியிருப்போம்.

அகராதியில் நேற்று அகியாம் என்ற பெயருக்கு வந்தோம். தாயின் சகோதரன் என்று பொருள். தாய்மாமன்! பிள்ளைக்கே அந்தப் பெயரை வைத்திருக்கிறார்கள். அந்த மாமன் என்ன செய்து அந்த மரியாதையைச் சம்பாதித்தானோ தெரியவில்லை. குடம் தூக்கியிருப்பான் என்று நினைக்கிறேன். என் கை ஒட்டடைக்குச்சிதான், ஆனால் ஒரு குடம் தாங்கும்.

தம்பி


ஜூன் 30

அன்புள்ள தம்பிக்கு,

பத்திரமாக ஊர் சேர்ந்தாயா? நீ ரயில் ஏறிய மறுநாளே குழந்தைக்குத் தொட்டிலும் பசியும் ஒரே நேரத்தில் பழகிவிட்டன. மூன்று வாரம் முந்திப் பிறந்தவள் என்று பார்த்தால் தெரியாது. மிளகு அளவு இருந்துகொண்டு அறையையே காரமாக்குகிறாள். அம்மா அவளை மிளகு என்றுதான் கூப்பிடுகிறாள். அவள் அழத் தொடங்கினால் அம்மாவின் முழங்கால் வலி ஓடிப்போகிறது.

அவள் பிறந்த அன்று ஆஸ்பத்திரி வராண்டாவில் விடிகிறவரை நீ நின்றுகொண்டே இருந்தாயாம், நர்ஸ் சொன்னாள். நாற்காலி இருந்ததே, உட்கார்ந்திருக்கலாமே?

எல்லோரும் பெயர் என்ன என்று கேட்கிறார்கள். நீ கொடுத்ததையெல்லாம் மறுபடியும் பார்த்தேன். அப்பா வருகிற பெயர் இப்போது பொய். அப்பா எங்கே என்று கேட்கிற பெயரும் வேண்டாம், அது என் கேள்வி. வேதனை, ஆறுதல், பதிலுக்குக் கிடைத்தவள், இவை எதையும் அவள் தலையில் ஏற்ற மாட்டேன். நடந்ததற்கெல்லாம் அவள் சாட்சி சொல்லவா பிறந்தாள்? இன்னும் எதுவும் நடக்காதவளுக்கு ஏற்ற பெயர் உங்கள் அட்டவணையில் உண்டா?

அக்கா


ஜூலை 8

அன்புள்ள அக்காவுக்கு,

நலமாக வந்து சேர்ந்தேன். மிளகு என் சட்டையில் போட்ட கோலத்தை இன்னும் துவைக்கவில்லை. உட்கார்ந்தால் நீ உள்ளே கத்துவது இன்னும் நன்றாகக் கேட்டது, அதனால்தான் நின்றேன்.

உன் கேள்வியைப் பச்சைப் பென்சிலிடம் அப்படியே சொன்னேன். கையிலிருந்த தாளை ஒதுக்கி வைத்தார். பிறகு தன் மேஜையின் கீழ் அறையிலிருந்து ஒரு தாள்கட்டை எடுத்தார். 'பொருள் விளங்கவில்லை' என்று முடிகிற பெயர்கள். எத்தனை ஊகம் செய்தாலும் ஒன்றிலும் பிடிபடாதவை. ஒரு காலத்தில் அவற்றைச் சொல்லி யாரோ யாரையோ சாப்பிடக் கூப்பிட்டிருக்கிறார்கள், அது மட்டும் நிச்சயம். அவற்றில் பெண் பெயர்கள் மூன்றைத் தனித்தாளில் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். சொல்லிப் பார், எது வாய்க்கு வருகிறதோ அது.

இன்னொன்று. நீ திட்டினாலும் திட்டு. உன்னைக் கேட்காமல் அத்தானைத் தேடிப் போனேன். அவருடைய கம்பெனியில் விசாரித்ததில், ரயிலில் நாலு மணி நேரத் தொலைவில் ஒரு புதுக் கட்டடத்தில் லிஃப்ட் பொருத்துகிறார் என்று தெரிந்தது. மொட்டை மாடியில் மோட்டார் அறையில் இருந்தார். என்னைப் பார்த்ததும் அவர் முகம் போன போக்கைப் பார்த்து, நான் எந்தச் செய்தியோடு வந்திருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டார் என்பது புரிந்தது. அவசரமாகச் சொன்னேன்: "ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க. பெண் குழந்தை."

அப்படியே இரும்புப் பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டார். திட்டுவதற்கு நான் தயார் செய்துகொண்டு போயிருந்தது எதுவும் வாயில் வரவில்லை. பிறகு அவரே, "அந்தப் பையனுக்கு நான் ஒரு பேரு வெச்சேன், தெரியுமா? மண்ணுல வைக்கறப்போ சும்மா எப்படி விட்டுட்டு வர்றது? ஒரு பேரு சொல்லிக் கூப்பிட்டேன். உங்க அக்காகிட்டகூட சொல்லல" என்றார். என்ன பெயர் என்று நான் கேட்கவில்லை. அதைக் கேட்க எனக்கு உரிமை இல்லை என்று தோன்றியது.

வாருங்கள் என்று நான் அழைக்கவில்லை. உன் புது விலாசத்தை மட்டும் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

தம்பி


ஆகஸ்ட் 3

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே எல்லோரும் சுகம். மிளகு இப்போது சிரிக்கிறாள், யாரைப் பார்த்து என்று கேட்காதே, தையல்காரரின் தலையில்லாத மனிதனைப் பார்த்து. உனக்கு மூன்று வாரம் எழுதாமல் இருந்தது, உன்மேல் கோபமாக இருக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்ததால். வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டேன்.

பெயர் வைத்துவிட்டேன். நீ அனுப்பியதில் மூன்றாவது.

போன ஞாயிற்றுக்கிழமை அவர் வந்தார். வாசல்படிக்கு வெளியே நின்றார், கையில் ஒரு பை ஆரஞ்சு. அம்மா நாற்காலியை இழுத்துப் போட்டுவிட்டு, கடைக்குப் போவதாகச் சொல்லி வெளியே போனாள். ஞாயிற்றுக்கிழமை இங்கே எந்தக் கடையும் திறக்காது.

"நான் ஓடிப்போனவன்தான்" என்றார்.

"ஆமா" என்றேன்.

"பார்க்கலாமா?"

"கையைக் கழுவிட்டு வாங்க."

குழாயடியில் சோப்புப் போட்டுக் கழுவினார். நகத்துக்கடியில் கிரீஸ் போகவில்லை என்று மறுபடியும் கழுவினார். குழந்தையைக் கையில் கொடுத்தேன். அவர் நின்ற இடத்திலேயே மெல்ல ஆட்டினார், அவள் தூங்கிவிட்டாள். பெயர் என்ன என்று கேட்டார். சொன்னேன். மெதுவாகச் சொல்லிப் பார்த்தார்.

"என்ன அர்த்தம்?"

"தெரியாதாம். அகராதி போடறவங்களுக்கே தெரியல. கூட இருக்கறவங்களுக்குப் போகப்போகத் தெரியுமோ என்னவோ."

அப்போது நான் கேட்டேன். மூன்று வருடமாகக் கேட்காததைக் கேட்டேன். "அவனுக்கு என்ன பேரு வெச்சீங்க?"

தூங்குகிறவளைப் பார்த்தபடியே சொன்னார். அதை உனக்கு எழுத மாட்டேன். அது எந்த மொழிப் பெயர், என்ன பொருள் என்று நீ ஆராயத் தொடங்கிவிடுவாய். நாங்கள் இருவரும் முதல் முறையாகச் சேர்ந்து அழுதோம். அவ்வளவுதான் சொல்வேன்.

மன்னித்துவிட்டேனா என்று அம்மா பார்வையிலேயே கேட்கிறாள். எனக்குத் தெரியவில்லை. இங்கே இருக்கும்படி அவரிடம் நான் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. வேலையை இந்த ஊருக்கே மாற்றிக்கொண்டு, இரண்டு தெரு தள்ளி ஓர் அறை எடுத்திருக்கிறார். காலையில் வேலைக்குப் போகும் முன் வந்து குடங்களை நிரப்பி வைத்துவிட்டு, குழந்தையைக் கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டுப் போகிறார். தினமும் அம்மாதான் கதவைத் திறப்பாள்.

இன்று காலை தட்டும் சத்தம் கேட்டதும் அம்மா எழுந்தாள். "நீ படுத்துக்கோம்மா" என்று சொல்லிவிட்டு, மிளகைத் தோளில் போட்டுக்கொண்டு நானே போய்த் திறந்தேன்.

உன் அக்கா